பாலாற்று நிலைநூல்

கேள், மாணாக்க. நீந்தப் போவோனும் மீன்பிடிக்கப் போவோனும் படகேறப் போவோனும் இறங்குமுன் நீரின் நிலை அறிதல் கடன். அறியாது இறங்குபவனை எம் ஊரில் துணிந்தவன் என்பர். அவன் கரையேறிய பின் வேறு பெயர் சொல்வர். இந்நூல் நந்தி மலையில் தோன்றி 348 கிலோமீட்டர் கடந்து வயலூரில் கடல்சேரும் பாலாற்றைக் குறித்தது. அதிலும் வாணியம்பாடி முதல் வாலாசாப்பேட்டை வரையுள்ள துண்டையே ஆய்வது. பிற ஆறுகளுக்கு நூல் செய்தோர் பலர். அவற்றில் நீர் ஓடுவதால் அவர்கள் வேலை எளிது.

தகவு மூன்று: நீந்துதகவு, தூண்டில்தகவு, துடுப்புத்தகவு. நிலை ஐந்து: வழியாறு, ஊற்றாறு, ஒழுகாறு, நுரையாறு, பெருக்காறு. இவ்வைந்தையும் நிரலாக ஓதி மனங்கொள்க.

1. வழியாறு. ஆண்டின் பெரும்பகுதி நிலவுவது. "நீரில்லாததை ஆறு எனலாமோ?" என்று நீ வினவுவாய். எனலாம். ஆறு என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. அதுவே முந்திய பொருள் என்பது எம் துணிபு. ஆகவே மணல்மேல் இருசக்கர வண்டி குறுக்கே போகும் பாலாறு, நீரோடும் ஆறுகளைக் காட்டிலும் சொல்லுக்கு நெருங்கியது. இந்நிலை பிறக்கும் இடம் மேற்கே உள்ளது. ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரே ஓடும் இவ்வாற்றின் குறுக்கே 20-க்கும் மேற்பட்ட தடுப்பணைகள் உள. அவற்றுள் கடைசியாகிய புல்லூர் அணையின் உயரம் 2016இல் 5 அடியிலிருந்து 12 அடி ஆயிற்று. அது நிரம்பி வழிந்த செய்தியை வாணியம்பாடியார் பிள்ளைப்பேற்றுச் செய்திபோல் தொலைபேசியில் சொல்லிக்கொள்வர்.

வழியாறு மூவகைப்படும்: (அ) வெறுமணல், (ஆ) வேலிமணல், சீமைக்கருவேல் மூடியது, (இ) ஆட்டமணல், மட்டைப்பந்துக்கு மூன்று குச்சி நட்டது. மூன்றிலும் நீந்துதகவு உண்டு, மூழ்கும் அச்சமில்லை. தூண்டில்தகவு இல்லை. துடுப்புத்தகவு பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

2. ஊற்றாறு. மணலைக் கையால் தோண்டினால் நீர் சுரப்பது. முழங்கையளவில் சுரப்பது தலையூற்று, ஆளளவில் சுரப்பது இடையூற்று, மணலே எஞ்சாது களி தட்டுவது கடையூற்று. மணல் லாரிகள் வந்தபின் தலையூற்றைக் கண்டார் அரியர். நீந்துதகவு விரல்களுக்கு மட்டும்.

3. ஒழுகாறு. மணல்வெளி நடுவே ஊர்ச்சாக்கடையும் ஆலைக்கழிவும் கூடி ஒரு கோடாய் ஒழுகுவது. இதை நிறத்தால் அறிக. கருமை ஊர்க்கழிவு. காவி, பட்டைக்காவி எனப்படும். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் பதமிட்ட பழைய முறையின் எச்சம். நீலப்பச்சை, குரோமியத்தின் எச்சம். குரோமியம் ஏற்ற தோலைத் தொழிலாளர் 'வெட் ப்ளூ' என்பர். யாம் ஈரநீலம் என்போம். ஒரு கிலோ தோலைப் பதமிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும் என்பதை நினைவிற்கொள்; ஒழுகாற்றின் ஊற்றுக்கண் எது என்று தேடி மலையேற வேண்டா.

தூண்டில்தகவு இங்கே நுட்பமானது. மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்பின், இரை கேட்கிறது என்று மயங்கற்க. அது மூச்சுத் தேடுகிறது. நிற்காது மிதப்பின் அதனை வலையில்லாப் பிடிப்பு என்க. பிடித்தபின் அடுப்பேற்றற்க. எந்நீரிலும் பிழைப்பது கெளுத்தி ஒன்றே. அதன் மீசையில் எமக்கு நெடுநாள் மதிப்புண்டு.

4. நுரையாறு. ஐந்தனுள் தலையாயது, பால் என்னும் அடைமொழிக்குப் பொருள் விளங்குவதும் இதன்கண்ணே. மழை பெய்த மறுநாள் காலை, ஆம்பூரை அடுத்த மாராப்பட்டுப் பக்கம் போய்க் காண்க. மழை இரவில் கழிவைத் திறந்துவிடுகின்றனர் என்பது கரையோர உழவர் சொல். நுரை உயரத்தால் மூன்று: கணுக்கால்நுரை, முழங்கால்நுரை, ஆளுயர்நுரை. உறுதியால் இரண்டு: ஊத உடைவது, ஊத உடையாதது. பின்னது காற்றில் பஞ்சுபோல் எழுந்து பக்கத்து வயலின் நெற்பயிரில் ஒட்டிக்கொள்ளும். பிற்பகல்வரை அப்படியே இருக்கும்.

நுரைக்குக் கண் போதாது, அளவைகள் வேண்டும். முதலாவது மூக்களவை. அழுகிய முட்டை மணம் வரின், மயிர் களையச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடு கலந்தது என்று அறிக. இரண்டாவது வெள்ளியளவை, இது யாமே கண்டது. எம் தங்கை மகன் ஐந்து வயதில் ஒருமுறை கால் நனைத்து வந்தான். மாலைக்குள் அவன் வெள்ளிக் கொலுசு இரண்டும் கரிச்சட்டிபோல் கறுத்தன. தங்கை புளிபோட்டுத் தேய்த்தாள். யாம் கறுப்பின் அடர்த்தியைக் குறித்துக்கொண்டோம். அன்று முதல் கொலுசைக் கருவியாகக் கொள்கிறோம். தங்கை தர மறுக்கிறாள்.

இந்நிலைக்கு நூற்பா ஒன்றும் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நாட்டின் தலைமை அறமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அருளியது. மாசு செய்தவனே ஈடு செலுத்துக என்பது அதன் பிழிவு. ஆலைக்குப் 10,000 ரூபாய் தண்டமும் அதில் உண்டு. சுருக்கமும் தெளிவும் உடைய நல்ல நூற்பா. ஆயினும் 2025 சனவரி 30 அன்று அதே மன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் விரிவாக உரை எழுத நேர்ந்தது. நல்ல நூற்பாக்களுக்கு உரை பெருகுவது இயல்பே.

5. பெருக்காறு. 1903 நவம்பர் 12 அன்று வாணியம்பாடிக்குள் புகுந்ததும், அதற்கு நினைவுத்தூண் எழுந்ததும் இந்நிலையில். 2021 நவம்பரில் வாலாசா அணைக்கட்டில் நொடிக்கு நூறாயிரம் கன அடிக்கு மேல் போயிற்று. முத்தகவும் இல்லை. பாலத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்தல் என்னும் நான்காம் தகவு மட்டும் உண்டு. அதையும் காவலர் விலக்குவர்.

இனி ஏரி. 1858இல் கட்டிய அவ்வணைக்கட்டிலிருந்து நீர்பெறும் காவேரிப்பாக்கம் ஏரி போன்றவற்றுக்கு நிலை இரண்டே: கோடி போனது, போகாதது. கோடி போனால் கிடா வெட்டுவர். புதுத்தண்ணீருக்கு மீன் எதிரேறும். அன்று கொசுவலையை விஞ்சிய வலையில்லை. ஏலகிரிப் புங்கனூர் ஏரியின் கால்மிதி படகுகள் நூலுக்குப் புறம்பானவை. அங்கே நிலையை நுழைவுச்சீட்டுக்காரரே சொல்லிவிடுகிறார்.

வழியாற்றின் துடுப்புத்தகவைச் செய்முறையாகவே காட்டுவோம். நாளை உச்சிப்பொழுதில் காட்பாடி போகும் பாலத்தடிக்கு வா. மிதவைக்கு லாரி ட்யூப் ஒன்றைக் காற்றடித்து வைத்துள்ளோம். நீச்சலுடை வேண்டா. செருப்பு மறவாதே, மணல் சுடும்.