கடைசி உயிரெழுத்தைத் தின்றவர்கள்

இத்தாலிய மொழியில் 'லிங்குவா' என்னும் ஒரே சொல் வாய்க்குள் கிடக்கும் நாக்கையும், அந்த நாக்கு பேசும் மொழியையும் குறிக்கும் என்பதால், அம்மொழியைக் கொண்டாடப் புறப்படும் ஊர்ச் சங்கங்கள் உண்மையில் எதைக் கொண்டாடுகின்றன என்பதில் தொடக்கத்திலிருந்தே ஒரு குழப்பத்துக்கு இடமிருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரை ஊர்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடைபெறும் இத்தாலியப் பண்பாட்டு விழாக்களைக் காணும் எவரும், அக்குழப்பம் நாக்குக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டு, மொழிக்குப் பந்தலின் கடைசி மூலையில் ஒரு மடக்கு மேசை ஒதுக்கப்பட்டிருப்பதை அறிவர். 

இவ்விழாக்களுள் பெயர்பெற்றது நியூயார்க் நகரின் மல்பெரி தெருவில் நடைபெறும் சான் ஜென்னாரோ விழா. நேப்பிள்ஸ் நகரின் பாதுகாவலரான புனித ஜென்னாரோவின் நினைவாக, அந்தப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், அந்த ஒரு நாளைக்கு மட்டுமென்று எடுத்த விழா இன்று பதினொரு நாள் நீள்கிறது. புனிதரின் சுரூபம் பவனி வரும்போது அதன்மேல் டாலர் நோட்டுகளைக் குத்தும் வழக்கம், திருவிழாவில் ரூபாய் நோட்டு மாலை கண்டவர்களுக்கு வியப்பளிக்காது. வியப்புக்குரியது வேறொன்று. 'லிட்டில் இத்தாலி' எனப்படும் அப்பகுதியில் 1950இல் வாழ்ந்த ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் பாதிப்பேர் இத்தாலிய வழியினராக இருந்தனர். 2010இன் இறுதியில் வெளியான மக்கள்தொகைத் துறைக் கணக்கோ, அங்கே வாழ்ந்த 8,600 பேரில் இத்தாலியில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை என்றது. ஆள் குறையக் குறைய விழா நாள் கூடும் என்னும் இந்த விதியைப் பண்பாட்டு ஆய்வாளர்கள் ஏன் இன்னும் சூத்திரமாக்கவில்லை என்பது விளங்கவில்லை.

சிற்றூர்களில் இவ்விழா ஒரே மாலைக்குள் சுருங்கி, பள்ளியின் உணவுக்கூடத்திலோ தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ நடந்தேறுகிறது. அதன் நிகழ்ச்சி நிரலை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. வாசகர்கள் தத்தம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்து, நாதசுரத்துக்குப் பதிலாக அக்கார்டியன் என்று ஒரு திருத்தம் மட்டும் செய்துகொண்டால் போதும். சென்ற சனிக்கிழமை நடைபெற்ற அத்தகைய ஒரு மாலையில், சுட்ட ரொட்டித் துண்டின்மேல் பூண்டைத் தேய்த்து, பொடியாக நறுக்கிய தக்காளியைப் பரப்பி, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தரும் பண்டத்தை, இக்கட்டுரையின் ஆசிரியர் அதன் உரிய பெயரால் 'புருஸ்கெட்டா' என்று கேட்டபோது, பச்சை, வெள்ளை, சிவப்பு நிறப் பட்டையைத் தோளில் அணிந்த தொண்டர் ஒருவர், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் கனிவோடு, "புருஷெட்டா" என்று திருத்தினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அனைவரும் அதைக் கேட்டனர். இத்தாலியச் சொல்லில் 'சி', 'எச்' ஆகிய எழுத்துகள் சேர்ந்துவந்தால் ககர ஒலியே தோன்றும், ஷகரம் தோன்றாது என்பது அம்மொழிப் பாடநூல்களின் முதற்பாடத்திலேயே இருப்பது. அது அவ்விடத்தில் எடுத்துரைக்கப்படவில்லை. உரைத்திருந்தால் ரொட்டி கிடைத்திராது. ஆகவே இங்கே உரைக்கப்படுகிறது.

தமிழ் எழுத்தோடு பழகியவர்க்கு இத்தாலிய ஒலிகளுள் பல அயலானவை அல்ல. உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து உருட்டி வேகவைக்கும் 'ஞொக்கி' என்னும் உணவின் பெயரை உச்சரிக்க ஆங்கிலம் பேசுவோர் படும் பாட்டைப் பார்க்கும்போது, ஞாயிற்றுக்கும் ஞானத்துக்கும் தனி எழுத்து வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது புலப்படும். 'வீட்டில்' என்று பொருள்படும் 'ஆ காசா' என்னும் தொடரைப் பிளாரன்சுக்காரர் ஒருவர் பேச்சில் 'அக்காசா' என்கிறார். அதாவது அங்கும் வல்லினம் மிகுகிறது, அங்கும் அதை எழுத்தில் இட மறுக்கிறார்கள். இரட்டித்த மெய்யை ஒற்றையாக்கினால் பொருள் மாறுவதும் இரு மொழிகளுக்கும் பொது. 'பென்னே' என்னும் பாஸ்தா வகையின் பெயரில் ஒரு னகரத்தைக் குறைத்துக் கேட்பவர், குடும்பத்தோடு சென்ற உணவகத்தில் கேட்கத் தகாத ஒன்றைக் கேட்டவராவார்; இதற்குமேல் விளக்கம் வேண்டா.

திருத்தியவரைத் திருப்பித் திருத்த இயலாத ஆற்றாமை வேறிடத்தில் கிளைவிடுவது இயல்பாதலால், அடுத்த மேசையிலிருந்த கன்னோலியை இனி ஆராயலாம். மாவைக் குழல்போல் சுருட்டிப் பொரித்து, அதனுள் இனிப்பிட்ட ரிக்கொட்டாவை, அதாவது சீஸ் திரண்டபின் எஞ்சும் நீரை மறுபடி காய்ச்சித் திரட்டும் மென்மையான பாற்பொருளை, அடைத்துத் தரும் சிசிலித் தீவின் பலகாரமே கன்னோலி. ஆனால் கன்னோலி என்பது பன்மைச் சொல். ஒன்றே ஒன்றாயின் அது 'கன்னோலோ'. ஆகவே மேசையருகே நின்று 'ஒரு கன்னோலி' என்று கேட்பவர், 'ஒரு இட்லிகள் கொடுங்கள்' என்று கேட்கிறார். இரண்டு வேண்டுமெனில் ஆங்கிலப் பன்மை விகுதியையும் வாலில் கட்டி 'டூ கன்னோலிஸ்' என்கிறார். அதாவது, இரண்டு இட்லிகள்கள். விழாக்குழுவே எழுதித் தொங்கவிட்ட விலைப்பலகையிலும் இட்லிகள்கள்தாம் இருந்தன. பக்கத்தில் இருந்த 'பனீனி'யும் பன்மையே. அதன் ஒருமை 'பனீனோ' ஆதலால், 'ஒரு பனீனி' என்பது ஒரு வடைகள். 'ஸ்பகெட்டி'யும் பன்மையே, அதன் ஒருமையான 'ஸ்பகெட்டோ' ஒற்றை இழையைக் குறிக்கும், சட்டையில் விழுந்ததைச் சுட்டிக்காட்டும்போது மட்டுமே பயன்படும் அரிய சொல். 1960இல் வெளிவந்த ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' திரைப்படத்தில் பாப்பராத்சோ என்ற பெயரில் ஒரே ஒரு புகைப்படக்காரர் இருந்தார். அவர் பெயரின் பன்மைதான் இன்று உலகெங்கும் நடிகைகளின் காரைத் துரத்தும் கூட்டம். அக்கூட்டத்துக்கு ஆங்கில நாளேடுகள் இன்னொரு பன்மையைச் சேர்க்கும் நாளில் பாப்பராத்சோகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காது போய்விடும். பெற்றோரைப் 'பேரண்ட்ஸ்கள்' என்று விளித்துச் சுற்றறிக்கை அனுப்பும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் இவ்விடத்தில் சிரிப்பதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பொருள் சரியாக இருக்குமென்பதற்கு உறுதியில்லை. விழா நிறைவில் மேலிருந்து தூவப்பட்ட வண்ணக் காகிதத் துணுக்குகளைக் 'கன்பெட்டி' என்று ஒலிபெருக்கி அறிவித்தது. இத்தாலியிலோ அச்சொல் திருமணங்களில் விருந்தினர்க்குத் தரும் சர்க்கரை பூசிய பாதாம்பருப்பைக் குறிக்கும், காகிதத் துணுக்குக்கு அங்கே மல்லி விதையின் பெயரால் 'கொரியாந்தோலி' என்று பெயர். பீட்சாவின்மேல் வட்டமாக வெட்டி அடுக்கும் இறைச்சியான 'பெப்பரோனி'யை நினைத்துக்கொண்டு இத்தாலியில் அப்பெயரைச் சொன்னால் குடைமிளகாய் வரும். 'லாத்தே' கேட்டால் பால் வரும், வெறும் பால். ஸ்பகெட்டியின்மேல் மூன்று கைமா உருண்டைகளை உட்காரவைத்த தட்டு, அமெரிக்கா சென்றபின் இறைச்சி வாங்கும் வசதி வந்த குடும்பங்களின் கண்டுபிடிப்பு. இத்தாலியில் உருண்டை தனித்தட்டில் வரும். அம்மாலையில் 'பாட்டி காலத்து அசல்' என்னும் அட்டை அத்தட்டின் முன்னேதான் வைக்கப்பட்டிருந்தது.

இவையெல்லாம் சொல்லின் வாலில் எதையேனும் ஒட்டுவதாலும் சொல்லை வேறொரு பொருளோடு முடிச்சுப்போடுவதாலும் வரும் குற்றங்கள். வாலையே வெட்டிவிடுவது இன்னொரு வகை, அதுவே நியூ ஜெர்சியின் தனிச்சிறப்பு. பன்றியின் கழுத்துத் தசையை உப்பிட்டு உலர்த்திய 'கப்போகொல்லோ' அங்கே 'கபகூல்' ஆகிறது. மொத்சரெல்லா 'முத்சடெல்' ஆகிறது. ரிக்கொட்டா 'ரிகொட்' ஆகிறது. கல்லூரியில் ஏட்டு இத்தாலியம் கற்றவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கின்றனர். கபகூல்காரர்களோ, தங்களுடையதே அசல், ஏட்டிலுள்ளது பணக்காரர் பேச்சு என்கின்றனர். இரு தரப்புக்கும் இலக்கணம் தேவைப்படுகிறது. நேப்பிள்ஸ் வட்டார மொழியில் சொல்லின் இறுதி உயிர், தமிழின் குற்றியலுகரம்போல், தன் முழு மாத்திரையை இழந்து உதட்டோரம் முணுமுணுப்பாக ஒலிக்கும். பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த முணுமுணுப்பும் மறைந்தது. முதலெழுத்தின் வல்லொலி மெல்லக் கனிந்ததும் அவ்வட்டாரப் பேச்சின் வழக்கமே. தமிழில் இவ்விரு ஒலிகளுக்கும் ஒரே ககரம் போதுமாதலால், இவ்வழக்கில் பாதி தமிழ் வாசகரின் முன்னே வந்த மாத்திரத்தில் தானே தள்ளுபடியாகிவிடுகிறது.

1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. வீட்டுப் பேச்சுக்கும் ஏட்டு வழக்குக்கும் தனித்தனிப் பாய் விரித்த அவர் ஊர்க்காரர்களின் சந்ததி, ஒரு ரொட்டித் துண்டின் பெயரை முன்னிட்டு வரிசையில் நிற்பவரை அவமதிப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. தொண்டர் வேறு எந்த ஊர்ச் சந்ததியாகவும் இருக்கலாம் என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதே.

கபகூல்காரர்கள் எதை இழந்தார்கள் என்பதையும் தெளிவுபடுத்தல் வேண்டும். 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்று மொழியறிஞர் துல்லியோ தே மாவுரோ கணக்கிட்டார். தாராளமாகக் கணக்கிட்ட பிறரும் பத்துக்குப் பக்கத்திலேயே நின்றனர். 1880க்கும் 1924க்கும் இடையில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தென்பகுதியினர், சிசிலியர். அவர்கள் கொண்டுவந்தது இத்தாலியம் அன்று, ஊருக்கொரு பேச்சு. அந்தப் பேச்சும் தானாக உதிர்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, குடியுரிமை பெறாத இத்தாலியர் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் 'பகை நாட்டார்' என்று பதிவு செய்யப்பட்டனர். பகைவரின் மொழியைப் பேசாதே, அமெரிக்க மொழியில் பேசு என்னும் பொருள்பட முசோலினி படம் போட்ட சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. 1942 அக்டோபரில் கொலம்பஸ் நாளன்று அந்த முத்திரை நீக்கப்பட்டது. அதற்குள் பல வீடுகளில் தாய்மார்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தனர். பேச்சு போயிற்று, கடைக்குப் போய்க் கேட்டாக வேண்டியிருந்ததால் உணவின் பெயர்கள் மட்டும் எஞ்சின. இதைத் தெரிந்துகொண்டபின் கபகூலைப் பார்த்து முகம் சுளிப்பவர்மீது வரும் கோபம், புருஷெட்டாக்காரர்மீது வந்ததைக் காட்டிலும் சற்று நியாயமானது.

மொழியைக் காக்க ஏற்பட்ட அமைப்புகளும் மாவுப் பாத்திரத்தை விட்டு வெகுதூரம் செல்லவில்லை. பிளாரன்சில் 1583இல் தொடங்கப்பட்டு, 1612இல் தன் பேரகராதியை வெளியிட்ட மொழிக்கழகத்தின் பெயர் 'க்ருஸ்கா'. அதன் பொருள் தவிடு. தூய சொல்லாகிய மாவைத் தவிட்டிலிருந்து சலித்தெடுப்பதே அதன் பணி என்பதால் மாவு சலிக்கும் பொறியே அதன் சின்னமாயிற்று. இத்தவிட்டுக் கழகமும் இத்தாலிய வெளியுறவு அமைச்சும் கூடி 2001 முதல் அக்டோபர்தோறும் உலக இத்தாலிய மொழி வாரம் நடத்துகின்றன. அமெரிக்காவில் தங்களை இத்தாலிய வழியினர் என்று சொல்லிக்கொள்வோர் 2010இல் ஒரு கோடியே எழுபது லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டில்தான், பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் இத்தாலிய மொழித் தேர்வு, எழுத வருவோரும் போதவில்லை, நடத்தப் பணமும் போதவில்லை என்று நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் இத்தாலிய அரசும் பிறரும் கைகொடுத்ததால் 2012இல் மீண்டும் நடந்தது. அந்த இடைவெளியில் எந்த ஊரிலும் கன்னோலி நின்றதாகத் தகவல் இல்லை.

சென்ற சனிக்கிழமையும் மொழிக்கு மேசை இருந்தது. கழிவறைக்குப் போகும் வழியில், குளிர்பானப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குத் தொடக்கநிலை இத்தாலிய வகுப்பு, எட்டுப் பேர் சேர்ந்தால் நடைபெறும் என்று எழுதி, கீழே எட்டுக் கோடுகள் இட்ட தாள் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பேனாவைக் குலுக்கல் மேசைக்காரர்கள் எடுத்துச் சென்றிருந்தனர். விழா முடிந்து நாற்காலிகள் மடக்கப்பட்டபோது தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஒன்று இக்கட்டுரையின் ஆசிரியருடையது, மற்றொன்று, அதைப் பரிசுக் குலுக்கல் தாள் என்று எண்ணிக் கையெழுத்திட்ட ஓர் அம்மையாருடையது.