இருதயத்துக்கு ஒரு சௌகிதார்

டெல்லிக்கு மாற்றலாகி வரும் நம் சபையார் முதலில் கற்றுக்கொள்வது பூட்டத்தான். கார் ஸ்டீரிங்குக்கு இரும்புக் கம்பிப் பூட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு ஒரு பூட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் காலனி கேட்டுக்கு ஒரு பூட்டு. "அண்ணே, இருதயத்தைக் காத்துக்கொள்ளச் சொல்லி நீதிமொழிகள் நாலாம் அதிகாரத்தில் இருக்கே, அதற்கு எந்தக் கடையில் பூட்டு விற்கிறான்?" என்று ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் ஆராதனை முடிந்து டீ குடிக்கையில் கேட்டார். இருபது வருடமாக மயூர் விஹாரில் கேட்டுக்குள்ளேயே வாழ்கிறவன் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சௌகிதாரை, அதாவது கேட் காவல்காரரை, வையுங்கள். எங்கள் காலனி சௌகிதார் மாதிரி ஆள் கிடைத்தால் விசேஷம். யார் வந்தாலும் "கிஸ்கே கர் ஜானா ஹை?" என்பார். யார் வீட்டுக்குப் போகணும்? பிறகு ரெஜிஸ்டரில் பெயர், ஃபிளாட் நம்பர், வந்த நேரம், கையெழுத்து. இது பழைய உத்திதான். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்த எவாக்ரியஸ் என்ற துறவி, உன் இருதயத்துக்கு நீயே வாயிற்காவலனாக இரு என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதினார். வரும் எண்ணம் ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்தி, நீ நம்ம ஆளா, எதிராளியா என்று விசாரிக்க வேண்டுமாம். எரிகோவுக்கு வெளியே, உருவிய பட்டயத்தோடு நின்றவரிடம் யோசுவா கேட்ட அதே கேள்வி. நிறுத்த வேண்டியவர்களின் பட்டியலையும் எவாக்ரியஸ் கொடுத்தார், மொத்தம் எட்டு: பெருந்தீனி, இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், அகந்தை. இருநூறு வருடம் கழித்து போப் கிரகோரி பட்டியலை ஏழாக்கினார், விட்டுப்போயிருந்த பொறாமையையும் சேர்த்தார். நம் சபைக் கூட்டங்களுக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். சலிப்பு மட்டும் நண்பகலில் வருமாம், சூரியன் நகராமல் நிற்பது போலத் தோன்றுமாம். ஜூன் மாதம் மதியம் ஒரு மணிக்கு டெல்லியில் பஸ்ஸுக்கு நின்றவருக்கு விளக்கம் தேவையில்லை.

சௌகிதார் வந்தாயிற்றா? இனி நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளலாம். கல்யாண வீட்டில் நீட்டப்படும் கிளாஸை அவர் மறிப்பார். ஆபீஸ் நண்பர் அனுப்பிய வீடியோவை மறிப்பார். வெளியே போகிறவர்களை மட்டும் மறிக்கச் சொல்லாதீர்கள். டெல்லியில் அந்த வழக்கமே இல்லை. குடியிருப்பவரின் வண்டி என்றால் கேள்வி கிடையாது, ஒரு சலாம்தான். 2002 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வாஜ்பாய் தொடங்கிவைத்த மெட்ரோவிலும் இப்போது இதே நடைமுறை. நுழையும்போது பைக்கு எக்ஸ்ரே, உடம்பு முழுக்கத் தடவிச் சோதனை. வெளியேறும்போது கார்டைத் தட்டினால் போதும், கதவு திறந்துகொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள சௌகரியங்களைப் பாருங்கள். அடுத்த வீட்டு அக்காவின் மகள் விஷயம் உங்கள் காதுக்கு வந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெபக்குறிப்பாக அனுப்பிவிடுங்கள். "அந்தக் குடும்பத்துக்காகக் கொஞ்சம் பாரத்தோடு ஜெபிங்க. என்ன ஏதுன்னு கேட்காதீங்க." கேட்பார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். அடுத்தது குடும்ப ஜெபம். ஆமென் சொன்ன வாயின் சூடு ஆறும் முன்பே, பாத்திரம் தேய்க்கும் பெண் மூடுபனியில் பஸ் கிடைக்காமல் கால் மணி நேரம் பிந்தி வருவாள். விட்டுவிடாதீர்கள். நம் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் தடுமாறும், கோபம் மட்டும் இலக்கணப் பிழை இல்லாமல் வரும். சேகரக் கமிட்டித் தேர்தலைப் பற்றியும் எழுதினால் இந்தப் பத்திரிகையைச் சபைக்குள் விடமாட்டார்கள்.

நீதிமொழிகளின் சாலொமோன்தான் ஒத்துவர மாட்டேன் என்கிறார். இருதயத்தைக் காக்க அவர் சொல்லும் காரணமே, உயிர் வெளியே புறப்படும் இடம் அது என்பதுதான். 'புறப்படும் இடம்' என்பதற்கு அங்கே வரும் எபிரெயச் சொல், எசேக்கியேலின் கடைசி அதிகாரத்தில் நகரத்தின் வெளிவாசல்களுக்கும் வருகிறது. நீதிமொழிகளில் அடுத்த வசனம் நேராக வாய்க்குப் போகிறது. கண்ணும் காலும் அதற்கப்புறம்தான். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசுவும், மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளிருந்து வருவதே என்கிறார். காலனி நிர்வாகத்தில் அனுபவமில்லாதவர்கள் என்று நாம் இருவரையும் மன்னித்துவிடலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஷ்மீரி கேட் பக்கம் போகாதீர்கள், மனம் குழம்பும். போர்க்களத்தில் அடிபட்டுக் கிடந்தபோது நேர்ந்துகொண்டபடி ஜேம்ஸ் ஸ்கின்னர் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் ஆலயம் அங்கே இருக்கிறது, 1836இல் பிரதிஷ்டையானது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கஷ்மீரி கேட் என்ற அந்தப் பழைய நகரவாசல். அதற்கு இரண்டு வளைவுகள்: வர ஒன்று, போக ஒன்று.

நான் போய்ப் பார்த்தேன், அதனால் வந்த வினை இது. திரும்பி வந்ததும் எங்கள் சௌகிதாரின் ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினேன். 'வெளியே போன நேரம்' என்ற கட்டம் பக்கம் பக்கமாகக் காலி. ஏன் என்று கேட்டேன்.

"வந்தவங்க எல்லாம் அன்னைக்கே போயிடறாங்க, சாப். இங்கேயே இருக்கறவங்களை நான் எப்படிக் கேட்கிறது?"

சம்பளம் வாங்கவில்லையா, கண் தெரியவில்லையா, இதற்கா உன்னை இங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதையும் கொட்டினேன். ஒரு பிழை இல்லை. அவர் ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்று எனக்கு ஒரு சலாம் வைத்தார்.