உறுப்புரை உறுப்பினர்

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ஜன்னலோரத்து ஆசனத்தில், மடிமேல் தோற்பையும் தோற்பைமேல் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புமாக வீற்றிருந்து, "சௌக்கியமா, ஐயா?" என்றவரிடம், "14ஆம் உறுப்புரையின் பிரகாரம் நடமாடும் சுதந்திரம் உள்ளவரையில் சௌக்கியந்தான்" என்று பதிலிறுப்பவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் மற்றவர்கள் கூரைத் தகரமும் தண்ணீர்த் தாங்கியும் தருவதாகச் சொல்வார்கள்; இவரோ, அரசாங்கம் உங்கள் ஜீவனத்தில் தலையிடாதபடி பார்த்துக்கொள்வேன் என்பார். எந்த அரசாங்கமும் தலையிட்டு அறியாத லயத்துச் சனங்கள், சுலபமாக நிறைவேறக்கூடிய வாக்குறுதி இது ஒன்றுதான் என்றெண்ணி அவரைப் பிரதேச சபைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

"ஐயா, பீலியில தண்ணி வரமாட்டேங்குது, காம்பரா ஒழுகுது" என்று ஒரு கிழவி வந்து நின்றால், அவர் கண்ணாடியைத் துடைத்து, விரலை நாவில் தொட்டு, 27ஆம் உறுப்புரையைப் பிரித்து, போதிய உணவும் உடையும் உறையுளும் ஒவ்வொரு பிரஜைக்கும் கிடைக்கச் செய்வது அரசின் இலட்சியம் என்று வாசிப்பார். கிழவியின் முகம் மலர்ந்துகொண்டிருக்கும்போதே சற்றுத் தள்ளி 29ஆம் உறுப்புரைக்கு வந்து, மேற்சொன்னவற்றால் சட்டவுரிமை எதுவும் பிறப்பதில்லை, எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தவும் இயலாது என்று அதே குரலில் முடிப்பார். இரண்டு உறுப்புரைகளுக்கிடையில் கிழவிக்கு ஒரு வீடு எழும்பி இடிந்தும் போகும்.

தோட்டத்துக்குச் சபைப் பணத்தைச் செலவிடப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடை என்று சொல்லியே, 1987 முதல் முப்பது வருஷம் எங்கள் பாதைகள் பள்ளமாய்க் கிடந்தன. 2018இல் அதைத் திருத்தினார்கள். இனிச் செலவிடலாமே என்று ஓடினோம். "செலவிட'லாம்'," என்றார் அவர், "'லாம்' என்பது அனுமதி, கட்டளையன்று." ஒரு விகுதியில் இவ்வளவு ஆழமான பள்ளம் உண்டென்பதை எங்கள் பாதையில் நடந்துங்கூட நான் அறிந்திருக்கவில்லை. 2021இல் சம்பளச் சபை மூலமாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோதோ, கம்பெனியும் தொழிலாளியும் சுயேச்சையாகப் பேசி முடிக்கவேண்டிய ஒப்பந்தத்தில் இராஜாங்கம் கைவைப்பதா என்று இரண்டு நாள் சோறு செல்லாமல் இருந்தார்.

யோக்கியர், அதில் சந்தேகமில்லை. சபை வாகனத்தில் ஏறமாட்டார். பிளேன்டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்திருக்கமாட்டார். பொதுப் பணத்தில் ஒரு குண்டூசியும் அவர் வீட்டுக்குப் போனதில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்ததில்லை.

ஆனால் கோடகன் பிள்ளை வழக்கை அவர் சிலாகிக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இதே கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் ஒரு பெயரைச் சேர்க்கும்படி கேட்டு, சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் கையிலேந்திக்கொண்டு எங்களவர்கள் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனார்கள். பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகள் யாரென்று வரையறுப்பதேயன்றி எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமாகாது என்று 1953இல் சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார்கள். "எவ்வளவு சுத்தமான வியாக்கியானம்!" என்கிறார். அந்தச் சுத்தத்தில் கழுவப்பட்டுப் போனவை எங்கள் பாட்டன்மாரின் பெயர்கள். யாப்பைக் கடுமையாகப் படிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? எங்கள் பக்கம் வரும்போது மட்டும் ஏன் அத்தனை கடுமை?

போன மழையில், பாலம் உடைந்து கிடந்ததால் ஓடையில் இறங்கி, முழங்கால் வரை சேறாக லயத்துக்கு வந்தார். அந்தக் கிழவிதான் பலகை போட்டு உட்காரவைத்து, பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தாள். அவர் புத்தகத்தை விரித்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு நேரே அதன்மேல் விழுந்தது. கிழவி பதறிப்போய், றப்பர் பால் பிடிக்கும் சிரட்டையொன்றைக் கொண்டுவந்து அதற்கு மேலாகப் பிடித்தாள்.

அந்தச் சிரட்டை கம்பெனிச் சொத்தா என்று அவர் கேட்டார்.