வலக்கையும் மறுவாழ்வும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, தொலைவில் வந்த பஸ்ஸை நிறுத்தும் பொருட்டு வழக்கம்போல் வலக்கையை உயர்த்தினேன்; அது மார்பளவுக்குக்கூட வராமல், அதற்குமேல் போகத் தனக்கு உத்தரவில்லை என்பதுபோல் நின்றுவிட்டது. நிற்கவேண்டிய பஸ் போய்விட்டது. போகவேண்டிய கை நின்றுவிட்டது.

தோளில் வலி என்று சென்னை நகரத்தில் ஒருவன் வாய் திறந்துவிட்டால், அவனுக்கு வைத்தியர்கள் கிடைக்காமல் போவதற்கு இடமே இல்லை. மாடிவீட்டுக்காரர் தைலம் கொடுத்தார். என் மைத்துனன் புத்தூர்க் கட்டுப் போடச் சொன்னான், எலும்பே முறியவில்லையே அப்பா என்றதற்கு, "கட்டி வைச்சா என்ன குறைஞ்சா போயிடும், அத்தான்?" என்றான். கடைசியில் எலும்பு வைத்தியர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பின்மீது குற்றமில்லை, மூட்டைச் சுற்றியுள்ள உறைதான் இறுகிவிட்டது, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது சகஜம் என்று தேற்றி, இனிப் பார்க்கவேண்டியவர் பி.எம்.ஆர். டாக்டர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்று எழுத்துக்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பிரயாசை கொஞ்சமல்ல. மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, "எத்தனை மில்லிகிராம்னு போடலையே, சார்" என்றார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை மேஜையிலிருந்த பெண், "எந்தப் பார்ட்டுக்குப் பார்க்கணும், சார்?" என்று வினயமாகக் கேட்டாள். கண்ணுக்கும் காதுக்கும் நரம்புக்கும் தனித்தனி மாடி ஒதுக்கியிருந்த அந்தக் கட்டடத்தில், முழு ஆளுக்கென்று ஒரு மாடி இல்லை.

பிஸிகல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன் என்பதை ஆட்டோக்காரருக்குத் தமிழில் விளக்குவதே முறை என்று கருதி, "மறுவாழ்வு டாக்டர்கிட்டே போகணும்" என்றேன். அவர் என்னை ஒருமுறை அனுதாபத்துடன் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் ஒருவர் கனிவுடன் விசாரித்தார்.

"எத்தனை நாளா இருக்குங்க?"

"மூணு மாசமா."

"தினமுமா?"

"தினமும்தான். ராத்திரியிலே அதிகம்."

"கை நடுங்குதா?"

"தூக்கவே முடியலை."

"முதல்லே ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பாதி குணம்" என்று அவர் என் முதுகைத் தட்டியபோதுதான், சுவரிலிருந்த மதுவிலக்குப் பிரசார வாசகங்கள் என் கண்ணில் பட்டன.

நான் தேடிய பி.எம்.ஆர். வைத்தியசாஸ்திரம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் அடிபட்ட விமானப் படையினரைப் படுக்கையிலிருந்து எழுப்பி மீண்டும் வேலைக்கு ஆயத்தம் செய்த ஹோவர்டு ரஸ்க் என்ற அமெரிக்க மருத்துவர் நியூயார்க்கில் வளர்த்த கலை அது. 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், அதே ரஸ்க்கிடம் சென்று பயின்று வந்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். சென்னைக்கு மூன்று மணிப் பிரயாணத்தில் இத்தனை நடந்திருக்க, நான் தைலம் தடவிக்கொண்டிருந்தேன்.

தேடிய டாக்டர் முடிவில் அகப்பட்டது கே.கே. நகரில், நான் பல வருஷமாகப் பஸ்ஸில் கடந்துபோன அரசாங்கப் புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில். என் மகளைவிட இளையவராயிருந்த அந்த அம்மாள், எங்கே வலி என்று மற்றவர்களைப்போல் கேட்கவில்லை. "எந்தெந்த வேலை செய்ய முடியலைங்க ஐயா?" என்றார். நான் யோசித்து, சட்டை மாட்டுவது, மேல் தட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுப்பது, பஸ்ஸை நிறுத்துவது என்று வரிசையாகச் சொல்ல, அவ்வளவையும் சிரத்தையாக எழுதிக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்குக் கைகால் முளைத்தாற்போன்ற ஒரு கருவியைத் தோளில் வைத்து அளந்து, 180 பாகை உயரவேண்டிய கை 70-ல் நிற்கிறது என்றார். கணக்கில் நான் வாங்கி வந்த மதிப்பெண்களை நோக்க, இது அப்படியொன்றும் மோசமில்லை.

விதித்த சிகிச்சை, சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே ஏற்றுவது. பேத்தியின் உயரத்தைப் பென்சிலால் குறிக்கும் அதே சுவரில் இப்போது என் விரல் எட்டிய உயரத்தையும் அவளே குறிக்கிறாள். கோட்டை அரை அங்குலம் தாழ்த்திப் போடுகிறாள் என்பது என் சந்தேகம். சட்டை மாட்ட முடிகிறது. ஜாடியை என் மனைவி கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டாள். சென்ற வாரம் அளந்தபோது 130 பாகை. பஸ் இன்னும் நிற்பதில்லை.