ரோஜாப்பூ வைத்த மதர்போர்டு

நேற்றுக் காலை என் படம் எனக்கே வந்து சேர்ந்தது. நடுவில் சிவப்பு ரோஜா, கீழே நெளிநெளி எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’, ஓரத்தில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை. தேயிலை விளையும் அக்கரப்பத்தனைக்காரனுக்குத் தேநீர்க் கோப்பைப் படம் அனுப்புகிறவர்களை உள்ளே தள்ள நாட்டில் சட்டம் இல்லை. அனுப்பியது பெரியப்பா. “பாரு தம்பி, எவ்வளவு அழகான டிசைன்! யாரோ வெள்ளைக்காரன் செஞ்சதாம்” என்று குரல் பதிவு வேறு.

அந்த வெள்ளைக்காரன் நான்தான். பழைய மதர்போர்டு ஒன்றைப் பார்த்து, கம்பியூட்டர் ராத்திரி முழுக்க முனகி முனகிப் போட்டுக் கொடுத்த பிராக்டல் படம் அது. அதைச் செய்வது எப்படி என்று எழுதித் தருவதாகத்தான் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

பெனுவா மாண்டல்பிரோ 1980இல் ஐபிஎம் கம்பியூட்டரில் ஒரு துக்கடாச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வந்த படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே புதிது புதிதாக முளைத்துக்கொண்டே இருந்தது. பிராக்டல் என்பது இதுதான். 2010இல் டாம் லோ என்பவர் அதே வழியில் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார். பெட்டியைத் தாண்டிப் போகிற புள்ளியை உள்ளே மடித்துப் போடு, மையத்தை ஒட்டி இருப்பதை வெளியே தள்ளு, பெரிதாக்கு, மறுபடி மடி. அவ்வளவுதான். தூணும் சந்தும் மாடமுமாக ஒரு நகரமே எழும்பும். அதற்குப் பச்சையும் செம்பும் ஏற்றினால் மதர்போர்டு.

எனக்கு மாதிரியாக இருந்தது எங்கள் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்துச் செத்த போர்டு. பிராசஸரிலிருந்து மெமரிக்குப் போகும் செம்புக் கோடுகள் சில அதில் நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போகும். கிட்ட இருக்கிறவனையும் சுற்றுவழியில் விட்டால்தான் எல்லாச் சமிக்ஞையும் ஒன்றாகப் போய்ச் சேரும். சிப்புக்குள்ளே கடிகாரத் துடிப்பைப் பங்கிட, ஆங்கில எச் எழுத்து போல ஒரு வடிவம் உண்டு. அதன் நாலு முனையிலும் சின்ன எச், அந்த முனைகளில் இன்னும் சின்ன எச். எந்த மூலைக்கும் ஒரே தூரம். அசல் பிராக்டல் அது. அழகுக்காக யாரும் வைத்ததில்லை. அதை என் படத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரோஜா சரியாக அந்த எச்சின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

ரோஜா எப்படி வந்தது என்று விசாரித்தேன். நான் போட்டது குடும்பக் குரூப்பில். ஹட்டனில் இருக்கும் மதினி அதைத் தன் பழைய மாணவர் குரூப்புக்குத் தள்ளினார். அங்கே ஒரு புண்ணியவானுக்குப் படத்தை இறக்கத் தெரியாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். படத்தின் தலையில் நேரமும் 14 சதவீத பேட்டரியும் ஏறின. அது கட்டாருக்குப் போனது. அங்கே இன்னொரு ஸ்கிரீன்ஷாட், 62 சதவீதம். இப்போது போனுக்குள் போன், அதற்குள் என் படம். கட்டாரிலிருந்து கொழும்பு. கொழும்பில் வெள்ளிக்கிழமை என்பதால் ஓர் அம்மன் ஏறினாள். சனிக்கிழமை அம்மனை வெட்டி எடுத்துவிட்டுப் பொன்மொழி ஒன்றை வைத்தார்கள். அம்மனின் சூலம் மட்டும் ஓரத்தில் மிச்சம். பொன்மொழியை மறைக்கத்தான் ரோஜா. ரோஜாவின் காம்பு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று யாருக்கோ மனம் பொறுக்காமல் தேநீர்க் கோப்பை. ஒவ்வொரு கைமாறலிலும் போன் படத்தைப் பிழியும். ஜேபெக் முறையில் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக நறுக்கி, நுணுக்கமானதை எல்லாம் தூக்கி எறிந்துவிடுவார்கள். பல கை பட்டதும் அந்தச் சதுரங்களே பல்லை இளிக்கும். என் நெளிகோடெல்லாம் படிக்கட்டாகிவிட்டது. சதுரம், சதுரம், எங்கும் சதுரம். உண்மையைச் சொன்னால் இப்போதுதான் அது அச்சு அசலாகச் சிப் மாதிரி இருக்கிறது. வயிறு எரிகிறது.

நீங்களும் இன்று காலை ஒன்று அனுப்பியிருப்பீர்கள். மறுக்க வேண்டாம். பெரிதாக்கிப் பார்க்கவென்றே செய்த படத்தைக் கட்டைவிரல் நகம் அளவில் பார்த்துக் கைகூப்புகிற கூட்டம் நாம்.

டொரொண்டோ சித்தப்பா கைகூப்பவில்லை, பாடம் எடுத்தார். “இதெல்லாம் நம்ம கோலத்துல அந்தக் காலத்துலேயே இருக்குடா.” எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. 1974இலேயே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கம்பியூட்டர் இலக்கணத்தில் அடக்கிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். ஆனால் சித்தப்பா ஒரு புள்ளி வைக்கவும் குனிந்ததில்லை. வாசலில் அவர் செருப்பைக் கழற்றிப் போடுவதே கோலத்தின் மேல்தான்.

ஆம், செய்முறை. மாண்டல்பல்பர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து... திறப்பதற்குக் கரண்ட் வேண்டும். எங்கள் ஆக்ரா ஓயாத் தண்ணீர் கொத்மலை ஓயாவில் கலந்து தலவாக்கலைக்கு இறங்கி, மேல் கொத்மலையில் 150 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. மின்சாரம் நாட்டுக்கு, மழையும் காற்றும் எங்களுக்கு. மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் பாதிப் படத்தோடு கம்பியூட்டர் கண்ணை மூடும். இது எங்களுக்கு மட்டும் வாய்த்தது என்றும் பெருமைப்பட முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்ததில் இலங்கை முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். ஒரே இடத்தில் தொட்டு நாடு முழுவதையும் மாற்றிக் காட்டிய அந்தக் குரங்குக்குக் கணக்கு நன்றாக வரும்.

ஆகவே செய்முறை: முதலில் சுவிட்சைப் போடுங்கள். எரிந்தால் சொல்லுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன். குரூப்பில் சொல்ல வேண்டாம்.