டாக்குமென்டேஷன் அண்ணன்

"இது கன்டென்ட் பிரச்சினையே இல்லப்பா, பிளாட்ஃபார்ம் பிரச்சினை" என்று அண்ணன் ஆரம்பித்துவிட்டால், அடுத்த சில மாதங்களுக்கு ஆவணப் பக்கம் எதிலும் யாரும் கை வைக்கக்கூடாது என்று அர்த்தம். ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் எதிலாவது கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்களுக்கு அண்ணனை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

அண்ணன் ஆவணம் எழுத மாட்டார், மாற்றுவார். எங்கள் புராஜெக்டின் ஆவணங்கள் ஆதியில் விக்கியில் இருந்தன. "கண்டவனும் திருத்துறான், எந்தப் பக்கம் எந்த வெர்ஷனுக்குன்னே தெரியல" என்று ஸ்பிங்க்ஸ் என்கிற ஆவணக் கருவிக்கு மாற்றினார். அது நியாயம்தான். மாற்றிய சூடு ஆறுவதற்குள், "இந்த ஆர்எஸ்டி எழுத்துமுறை யாருக்கும் வராது, மார்க்டவுன்தான் சரி" என்று எம்கேடாக்ஸ். அங்கே வெர்ஷன் தேர்ந்தெடுக்கும் பெட்டி மனசுக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது டாக்குசாரஸ். ஃபேஸ்புக்காரர்கள் 2017இல் வெளியிட்டது. அதற்கு ஒரு பச்சை டைனோசர் சின்னம் உண்டு. அண்ணன் மனதைப் பறிகொடுத்தது அந்தச் சின்னத்திடம்தான் என்பது என் சந்தேகம்.

'நிறுவும் முறை' என்றொரு பக்கம் இருக்கிறது. இரண்டாவது வரியில் "பைத்தான் 2.7 தேவை" என்கிறது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று. எங்கள் மென்பொருளே இப்போது பைத்தான் 3 இல்லாமல் மூச்சு விடாது. ஆனாலும் அந்த வரி விக்கியிலிருந்து டாக்குசாரஸ் வரை ஒரு எழுத்து சிந்தாமல் வந்து சேர்ந்திருக்கிறது, வாடகை வீடு மாறும்போதெல்லாம் பிரிக்காமலேயே லாரியில் ஏற்றி இறக்குகிற அட்டைப்பெட்டி மாதிரி. ஸ்பிங்க்ஸில் அந்த வரிக்கு அழகான எச்சரிக்கைக் கட்டம் கிடைத்தது. எம்கேடாக்ஸில் டார்க் மோடு வந்தது. இப்போது அதன் கீழே இருக்கிற, வேலை செய்யாத கட்டளைக்குப் பக்கத்தில் 'நகலெடு' பொத்தான் வந்திருக்கிறது. தப்பை இனி யாரும் கஷ்டப்பட்டு டைப் செய்ய வேண்டியதில்லை.

இணைப்புகளைப் பற்றிக் கேட்காதீர்கள். நல்ல இணைய முகவரி மாறக்கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதி வைத்துவிட்டார். அண்ணனுக்கு அது மனப்பாடம். தன் பிரசன்டேஷனில் தனி ஸ்லைடே போட்டிருக்கிறார். அந்த பிரசன்டேஷன் இருந்த பக்கத்தைத் திறந்தால் 404. பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வேலை 'அடுத்த கட்டத்தில்' இருக்கிறது. எல்லாமே அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது.

எதிர்த்துப் பேசினால் ஸ்பிங்க்ஸை உருவாக்கிய ஜார்ஜ் பிராண்டலை இழுப்பார். "பைத்தான்காரங்க என்ன பண்ணாங்க? லேடெக்ஸ்ல இருந்த மொத்த டாக்குமென்டேஷனையும் மாத்தினாங்க. அதுக்காகச் செஞ்ச டூல்தான் 2008ல ஸ்பிங்க்ஸா வெளிய வந்துச்சு." வாஸ்தவம். ஆனால் அங்கே மாற்றுவதற்கு நல்ல எழுத்து மலையாகக் குவிந்திருந்தது.

அடுத்தது டயடாக்ஸிஸ். டானியேலே புரோசிடா வகுத்த முறை: பயிற்சி, செய்முறை, தகவல், விளக்கம் என்று ஆவணங்களை நாலு வகையாகப் பிரிப்பது. புதிதாக வருபவனுக்கு வேண்டியது வேறு, அவசரத்தில் தேடி வருபவனுக்கு வேண்டியது வேறு என்று புரியவைக்கிற, உண்மையிலேயே உருப்படியான யோசனை. அண்ணன் அன்றிரவே நாலு ஃபோல்டர் திறந்தார். 'பயிற்சி'யிலும் 'விளக்க'த்திலும் இன்றுவரை "விரைவில்" என்ற ஒற்றைச் சொல்தான் குடியிருக்கிறது. காலி ஃபோல்டர்களை முதலில் கட்டி வைக்காதீர்கள், இருக்கிற பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள் என்றுதான் புரோசிடாவே சொல்கிறார். அந்தப் பத்தி வருவதற்குள் அண்ணன் எழுந்து போயிருக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் தங்கம். தேடல் பெட்டி மக்கர் செய்த ஒரு நாள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். யாரும் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. 2017இல் கிட்ஹப் நடத்திய கருத்துக்கணிப்பில், அரைகுறையான, காலாவதியான ஆவணங்கள்தான் தொல்லை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆவணம் எழுதுவதில் எப்போதாவதுதான் கை வைப்போம், இல்லை கை வைக்கவே மாட்டோம் என்று பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் புராஜெக்டில் இரண்டு கூட்டத்திலும் இருப்பது ஒரே ஆட்கள்தான். புது ஃபீச்சரைச் செருகிவிட்டு, ஆவணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடுகிற எங்களுக்கு அண்ணனைக் கிண்டல் செய்ய என்ன யோக்கியதை என்று சில சமயம் தோன்றும்.

ஆனால் அந்தக் கல்லூரிப் பெண்ணின் விஷயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. நிறுவும் முறைப் பக்கத்தைப் பார்த்துத் திண்டாடி, தானே வழி கண்டுபிடித்து, ஐந்தே வரியில் திருத்தம் அனுப்பியிருந்தாள். 2.7ஐத் தூக்கிவிட்டு, சரியான கட்டளையைப் போட்டு, தன் கணினியில் ஓட்டிப் பார்த்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருந்தாள். அண்ணன் பதில் போட்டார்: "அருமை! ஆனா இது பயிற்சியா செய்முறையான்னு முதல்ல முடிவு பண்ணணும். புது அமைப்பு வரட்டும், ப்ளீஸ் வெயிட்." அவள் "சரிங்க சார்" என்றாள். அதற்கப்புறம் அவளை அந்தப் பக்கம் காணோம். திருத்துகிற ஆளே கிடைக்காத இடத்தில், தானாக வந்த ஆளை வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினால் பக்கம் எப்படி உருப்படும்? அமைப்பு பிரமாதமாக இருந்து கட்டளை தப்பாக இருந்தால், வருகிறவன் அமைப்பையா கணினியில் நிறுவுவான்?

போன கூட்டத்தில் கேட்டேவிட்டேன். "அண்ணே, அந்த அஞ்சு வரியை மட்டும் மெர்ஜ் பண்ணிட்டு, அப்புறம் எங்க வேணும்னாலும் ஷிஃப்ட் பண்ணிக்கோங்க."

கேமராவில் அண்ணன் முகம் மலர்ந்தது. "பண்ணிடலாம்ப்பா. புதுசா ஒண்ணு வந்திருக்கு, பில்டு ஆகறதே தெரியாது, அவ்வளவு வேகம். அதுக்கு மாறினதும் முதல் வேலையே அதுதான்."