கிந்தா பள்ளத்தாக்கில் பல்கார்டுக் கணினிகளின் உறக்கம்: ஒரு முதற்கட்ட விசாரணை

ஒரே கணினியில் நாலைந்து கிராஃபிக் கார்டுகளைச் சொருகினால் அது ஏன் எழுந்திருக்க மறுக்கிறது என்ற கேள்வியை நம் ஆய்வாளர்கள் தீண்டியதே இல்லை. ரப்பருக்கு ஆய்வேடு உண்டு, கள்ளுக்கடைக்கும் உண்டு. ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் எங்கும் ஒலிக்கும் “ஃபேன் சுத்துது அண்ணே, டிஸ்ப்ளே வரல” என்ற வாக்கியத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. இவ்வநீதியைத் துடைக்கவே இக்கட்டுரை.

வரலாறு இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். கிந்தா மண் ஈய மண். பேராக் ஆற்றை மறித்து 1930 வாக்கில் செண்டரோ அணை எழுந்ததே ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தரத்தான். 1938இல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்று 1982 வரை அள்ளிவிட்டு இன்று தஞ்சோங் துவாலாங்கில் காட்சிப் பொருளாக நிற்கிறது. பிறகு வந்த தலைமுறை வீட்டு அறைக்குள்ளேயே கிராஃபிக் கார்டுகளுக்கு மின்சாரத்தைக் கொட்டி ஈத்தரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டியது. 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, இனிக் கார்டுகள் வேண்டாம் என்றது. ஆட்குறைப்புக்கு ஆளான கார்டுகள் சல்லிசாகக் கைமாறின. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் தம்பி நான்கை வாங்கி ஒரே பெட்டிக்குள் திணித்தார். ஆய்வுப் பொருள் பிறந்தது.

கணினி கண் விழிக்கும் முதல் சில விநாடிகளை விளங்கிக்கொள்ள, தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொண்டால் போதும். விடியுமுன் கிராணி செக்ரோலை விரிப்பார், பெயரைக் கூப்பிடுவார், குரல் கொடுத்தவருக்கு நிரை கிடைக்கும். தாய்ப்பலகையில் கிராணி உத்தியோகம் பார்ப்பது பயாஸ். ஒவ்வொரு கார்டும் முகவரிப் பரப்பில் தனக்கொரு நிரை கேட்கும். பொதுவாக 256 மெகாபைட்; சில கார்டுகளுக்கு அதுவும் போதாது. பழைய வழக்கப்படி எல்லா நிரையும் 4 ஜிகாபைட் எல்லைக்குள்ளேயே தரப்பட வேண்டும். அங்கே நினைவகமும் மற்றக் கருவிகளும் முன்பே குடியேறிவிட்டன. நான்காவது ஆளுக்கோ ஐந்தாவது ஆளுக்கோ நிரை இல்லை. மனிதக் கிராணியாக இருந்தால், “நீ போய் புல்லு வெட்டு” என்று அனுப்பிவிடுவார். பயாஸுக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது. பெரட்டையே பாதியில் நிறுத்திவிட்டுச் சிலையாக நிற்கும். பரிகாரம்: ஒற்றைக் கார்டோடு கணினியை எழுப்பி, பயாஸ் பக்கத்தில் ‘அபவ் 4ஜி டிகோடிங்’ என்பதை இயக்குவது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புதுக்காட்டிலும் நிரை கொடுக்கலாம் என்று கிராணிக்குத் துரை தரும் உத்தரவு அது.

இன்னொரு வகைக் கணினி உண்மையில் எழுந்தேயிருக்கும், யாருக்கும் தெரியாது. திரை ஒரு கார்டில் மாட்டியிருக்க, பயாஸ் வேறொரு கார்டின் வழியே பேசிக்கொண்டிருக்கும். வயரை மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. இவ்வளவு எளிய விஷயத்துக்குப் பழுதுபார்ப்பவர் காசு வாங்கலாமா என்பது அறவியலார் துறை.

மின்சாரப் பகுதி வறட்சியானது. ஆனாலும் வீடு பற்றிக்கொள்ளாமலிருக்க வாசிக்கவும். சொருகும் துளையிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். ஆறு முள் வயர் இன்னொரு 75 தரும், எட்டு முள் வயர் 150. இதையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் பவர் சப்ளை வாங்குவோரே இத்துறையின் புரவலர்கள். அதிலும் சிலர், கார்டைத் தள்ளி மாட்ட உதவும் ரைசர் பலகைக்குச் சாட்டா வயரில் மின்சாரம் கொடுப்பார்கள். சாட்டாவின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட். ரைசர் கேட்கக்கூடியது 75. மீதி 21 வாட்டை, பிளாஸ்டிக் உருகும் வாசனையாகப் பெற்றுக்கொள்ளலாம்.

சிகிச்சை மரபுகளில் பழமையானது கார்டின் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் தேய்ப்பது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் பேராக் மாநிலத்தில் ரப்பரின் கீர்த்தி குன்றவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட விரும்பினேன். ஆனால் கடையில் கிடைக்கும் வெள்ளை அழிப்பான் பெரும்பாலும் பிளாஸ்டிக். சான்றைத் திரும்பப் பெறுகிறேன். தோட்டத்து முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு பெட்டிக்கு விபூதி பூசும் மரபை இவ்வாய்வு மறுக்கவில்லை. பூச்சு வெளிப்புறத்தோடு நிற்கட்டும். காற்றாடிக்குச் சாம்பல் ஆகாது.

உறுதியாகப் பலிப்பது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. மேல் துளையில் ஒரு கார்டு. மூன்று வோல்ட் பொத்தான் மின்கலத்தைச் சற்று நேரம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பயாஸ் தன் பிடிவாதங்களை மறக்கும். எழுந்ததா, அணைத்துவிட்டு அடுத்த கார்டு. எந்தத் துளையிலும் அடம்பிடித்தால் கார்டு கெட்டது. எந்தக் கார்டைப் போட்டாலும் ஒரே துளை படுத்தால் துளையோ ரைசரோ கெட்டது. “ஒண்ணொண்ணா போடுங்கண்ணே, அவசரப்பட்டா நாளைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பீங்க” என்று கடைத் தம்பிகள் சொல்வதைத்தான் பிரான்சிஸ் பேக்கன் 1620இல் லத்தீனில் சிரமப்பட்டு எழுதினார்.

எதற்கும் மசியாத கணினிகளுக்கான கடைசி மருத்துவம் 2021 ஜூலையில் கடல் கடந்த சரவாக்கில், மிரி காவல்துறை வளாகத்தில் செய்து காட்டப்பட்டது. மின்சாரத் திருட்டுச் சோதனைகளில் பறிமுதலான 1,069 மின்நாணய இயந்திரங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, மேலே சாலை உருளையை ஓட்டினார்கள். டிஸ்ப்ளே வரவில்லை என்று அவற்றின் உரிமையாளர் எவரும் இன்றுவரை கடைப்பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.